கீறலா விரிசலா

வலது மூலையிலிருந்து சிவப்பாக ஒரு பெட்டி எழும்பி வந்து திரையில் நின்றது. ஆபத்தான ஃபைல், தடுத்துவிட்டோம் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. கூடவே டொக்கென்று ஒரு சத்தம். இருதயராஜுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போய் இன்று லீவு என்று கேள்விப்படுகிற பையனுக்கு வருமே, அந்த மாதிரி. சரி, நான் என்ன செய்வது, நான் கேமை அழிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆன்டிவைரஸ் விடமாட்டேன் என்கிறது என்று மனசு ஒரு நொடியில் வாக்குமூலத்தையே தயார் செய்துவிட்டது. அப்புறம்தான் மின்விசிறிச் சத்தமும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், கோயிலுக்குப் போய் வந்து கழற்றாமலே இருந்த சட்டையின் கழுத்து வியர்வையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாயங்காலம் மனைவி ஜெசிந்தா தஞ்சாவூர் பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறாள், மகள் ரெனியோடு. ஃபோனில் அவள் பேச்சு குறைவு. வருவேன், கம்ப்யூட்டரைப் பார்ப்பேன், அந்தக் கேம் பேர் இருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன், திங்கட்கிழமை ஸ்கூலில் ரெனிக்கு டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன், அண்ணன் அங்கே இடம் பார்த்து வைத்திருக்கிறார் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பால்காரரிடம் நாளையிலிருந்து ஒரு பாக்கெட் போதும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அது நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. சிவப்புப் பெட்டி இன்னும் அப்படியே நின்றது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள், தடுத்து வை என்று ஒன்று, அனுமதி என்று ஒன்று. இருதயராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

ஃபோல்டரை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டால் என்ன என்று யோசித்தான். போடலாம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் பேர் அப்படியே நிற்கும். ஜெசியின் அண்ணன் ஸ்டீபன் அவளுக்கு அந்தப் பட்டியலைத் திறக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்ததும் இவன்தான். போன தடவை இவன் என்ன செய்தான், திரையில் இருந்த கோட்டைப் படத்தை மட்டும் அழித்துவிட்டு எல்லாம் போச்சு ஜெசி, பார், என்று கூப்பிட்டுக் காட்டினான். படம்தான் போனது. கோட்டை உள்ளே பத்திரமாக இருந்தது, மதில், குதிரை லாயம், தானியக் கிடங்கு, மரவெட்டிகள் எல்லோரோடும். சில்வர் ஃபோர்ட் என்று கேமுக்குப் பேர். ஏதோ ஒரு பத்திரிகையோடு ஒட்டிக் கொடுத்த சி.டி., இவன் ஐ.டி.ஐ. முடித்த காலத்தது. இப்போது பிள்ளைகள் விளையாடுகிற கேம்களைப் பார்த்தால் இது பொம்மை மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அந்த மரவெட்டி கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவான், டக், டக், டக், மரம் சாயும், தூக்கிக்கொண்டு வருவான், ஒரு கேள்வி கேட்க மாட்டான். இவனும் கேள்வி கேட்காத ஒரு இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. சாப்பிட்டீங்களா, கரண்ட் பில் கட்டினீங்களா, ரெனி கூப்பிட்டாளே கேட்டீங்களா என்று வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. கோட்டைக்குள் போய்விட்டால் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான், அதற்கு வயல் போட்டுவிட்டால் ஜனங்கள் சந்தோஷமாகிவிடுவார்கள். ரெனிக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கும் அவன் வயல்தான் போட்டுக்கொண்டிருந்தான். மாத்திரை கொடுத்தாச்சா என்று ஜெசி கேட்டதற்குக் கொடுத்தாச்சு என்றான். கொடுக்கவில்லை.

ஜெசி முதலில் சந்தேகப்பட்டது வேறு. இவன் கண் சிவந்து திரிவதையும், கூப்பிட்டால் திடுக்கிடுவதையும், அறைக்கதவைச் சாத்திக்கொள்வதையும் பார்த்து, வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றே நினைத்துவிட்டாள். நாளெல்லாம் அவன் ஃபோனை நோண்டினாள், கம்பெனிக்குக்கூடப் போன் போட்டு ஏதோ சாக்குச் சொல்லி விசாரித்தாள். கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் இவன் மதில் கட்டிக்கொண்டு இருக்கிறான். இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இதற்கா இவ்வளவு, தப்பாக நினைத்துவிட்டாயே என்று பெரிய நிரபராதி மாதிரி சொன்னான். ஜெசி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த மரவெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொம்பளையா இருந்தாக்கூட அவ வீட்டு வாசல்ல போயி நின்னு சண்டை போட்டிருப்பேன். இதுகிட்ட போயி நான் என்னத்தைக் கேக்குறது?"

அவள் போட்ட பேர்தான் தப்பு, நோவு தப்பில்லை. அது இவனுக்குப் புரிய அவள் பெட்டி கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சரி, போதும், இப்போது இதைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டான். அனுமதி என்பதன்மேல் அம்பைக் கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது. ஏனென்றால் அந்தப் பொத்தானை அழுத்துவதில் அவன் பலே ஆள். இந்த மாதிரிப் பழைய கேமை ஏற்றும்போது ஆன்டிவைரஸ் எப்போதும் கத்தும். கத்தினால் அதை அணைத்து வைத்துவிட்டு ஏற்றிக்கொள்வான், இது சும்மா, பொய் அலாரம் என்பான். பழைய ஃபைல் என்றால் அதற்குப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று ஃபோரத்தில் நாலு பேர் எழுதியிருப்பார்கள், அதைப் படித்துத் தலையாட்டிக்கொள்வான். அப்படியே பழகிப்போயிற்று. கண் டாக்டர் சொன்னது பொய் அலாரம். ஜெசி அழுதது பொய் அலாரம். ரெனி வரைந்த படத்தில் அப்பாவுக்கு முதுகு மட்டும் வரைந்திருந்தாள், மூஞ்சி இல்லை, அதுவும் குழந்தை விளையாட்டு. எல்லாவற்றுக்கும் அனுமதி, அனுமதி, அனுமதி. அப்புறம் அந்த ஃபிலிம்.

அந்த ஃபிலிமுக்கு மட்டும் போகக்கூடாது என்று நினைத்தான். நினைப்பு நேராக அங்கேதான் போயிற்று. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருதயராஜுக்கு வேலை. பாய்லர் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் எக்ஸ்ரே எடுப்பார்கள், அந்த ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்து உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். முடிமாதிரி ஒரு கோடு தெரியும். அது இரும்பில் இருக்கிற விரிசலாக இருக்கலாம், ஃபிலிமைக் கையாளும்போது விழுந்த கீறலாகவும் இருக்கலாம். ஃபிலிமைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். அதிலும் சந்தேகம் என்றால் இன்னொரு தரம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். கீறல் என்றால் புது ஃபிலிமில் இருக்காது. விரிசல் என்றால் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். அன்றைக்கு இவனுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தின ராத்திரி முழுக்கக் கோட்டையில் முற்றுகை. சாய்த்துப் பார்த்தான், பார்த்தானா, பார்த்த மாதிரி ஞாபகம். கீறல்தான் என்று எழுதிப் பாஸ் போட்டான். குழாயில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது அந்த இடத்தில் முத்துமுத்தாக வேர்த்து வடிந்தது. தண்ணீர் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீராவியாக இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தார்கள். மேனேஜர் தணிகாசலம் கத்துகிற மனிதர், அன்றைக்குக் கத்தவில்லை. சந்தேகம் வந்துச்சுல்ல, ஏன் திரும்ப எடுக்கச் சொல்லலை என்று மட்டும் கேட்டார்.

இப்போது இதோ இன்னொரு கோடு. சிவப்பாக. இது கீறலா, விரிசலா. நூற்றுக்குத் தொண்ணூறு இது பொய் அலாரம்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆன்டிவைரஸ் தடுத்தது கேமைக் கழற்றிப்போடுகிற குட்டி ஃபைலைத்தான். அது என்ன செய்யும், உள்ளே புகுந்து வரிசையாக நூற்றுக்கணக்கான ஃபைலை அழிக்கும். வைரஸும் அதைத்தான் செய்யும். வீட்டைக் காலி பண்ண வந்த ஆள் சாமான்களை வாரி வண்டியில் ஏற்றினால் தெருவில் இருக்கிறவனுக்குத் திருடன் மாதிரித்தான் தெரியும். காவல்காரன் பிடித்து நிறுத்துகிறான், அவன்மேல் தப்பு இல்லை. ஆனால் தெரியும் தெரியும் என்று சொல்லித்தானே இவ்வளவும் ஆயிற்று. தொண்ணூறு போக மீதி என்ன ஆவது. அந்தப் பாழாய்ப்போன ஃபைலுக்குள் இந்த இருபது வருஷத்தில் நிஜமாகவே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால். கம்பெனிப் பையன்களின் பென்டிரைவ் எத்தனை இதில் ஏறி இறங்கியிருக்கிறது. இதே கம்ப்யூட்டரில்தான் ரெனியின் ஞானஸ்நானப் படங்கள் இருக்கின்றன, அவள் முதல்முதலாக நடந்த வீடியோ இருக்கிறது, அதில் ஜெசி சிரிக்கிற சிரிப்பு இருக்கிறது. அனுமதி என்று அழுத்தி அத்தனையும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டால், அவள் வரும்போது வாசலில் நின்று எதைச் சொல்வான். தடுத்து வை என்று அழுத்தினாலோ குட்டி ஃபைலைத்தான் பூட்டி வைக்கும், கோட்டை கழற்ற ஆளில்லாமல் அப்படியே நிற்கும், பேர் பட்டியலில் இருக்கும், அவள் பஸ் ஏறிவிடுவாள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இந்த இடத்தில் மனசு மெதுவாக, மிகவும் மரியாதையாக, எப்படியும் இப்போதைக்கு அழிக்க முடியாது, ஒரே ஒரு தடவை கோட்டையைத் திறந்து பார்த்துவிடலாமே, கிழக்கு மதில் பாதியில் நிற்கிறது என்று சொன்னது. டக், டக், டக். கேட்டேவிட்டது அவனுக்கு. வாய் உலர்ந்தது. எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான், பாதி சட்டையில் கொட்டியது. இல்லை என்று வாய்விட்டுச் சொன்னான். வீட்டில் யாரும் இல்லாததால் அது சுவரில் பட்டு அவனிடமே வந்தது.

திரும்ப எடு. தணிகாசலம் சொன்னதுதான். சந்தேகம் வந்தால் திரும்ப எடு. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படியில் நின்று யோசித்தான். அந்தக் குட்டி ஃபைலின் அசல் ஒன்று இருக்கிறது, சி.டி.யில். அழுத்தித் தயாரித்த சி.டி., அதில் யாரும் ஒன்றும் புதிதாக எழுத முடியாது, பென்டிரைவ் அழுக்கு எதுவும் அதில் ஏறியிருக்காது. அந்த அசலை வைத்துப் பார்த்தாலும் ஆன்டிவைரஸ் இதேபோலக் கத்தினால், இரண்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தால், புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை, பிறவியிலேயே அதன் மூஞ்சி அப்படி, இது கீறல். அசல் சும்மா இருந்து, இது மட்டும் கத்தினால் விரிசல். எவ்வளவு சுலபம். சுலபம் என்று நினைத்த மறு நொடி சொம்பைக் கீழே வைத்தான். சி.டி.யை உடைத்துப் போட்டாயிற்று என்றல்லவா ஜெசியிடம் சொல்லியிருக்கிறான். இரண்டாக உடைத்து முனிசிபாலிட்டி வண்டியில் போட்டேன் என்று, கையால் உடைக்கிற மாதிரி செய்துகூடக் காட்டினான். அவளும் சரி என்றாள். சி.டி. பரண்மேல் பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டிக்குள், தெர்மாகோலுக்கு அடியில், ரெனியின் சின்ன வயசு சாக்ஸ் ஒன்றுக்குள் இருக்கிறது. ஒளித்த அன்றைக்கு அந்தச் சாக்ஸ்தான் கையில் கிடைத்தது. இவ்வளவு நேரமாக அழிக்கிறேன் அழிக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தானே, அது எவ்வளவு பெரிய வேஷம் என்று இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பரணில் சி.டி. இருக்கும்வரை கம்ப்யூட்டரில் அழித்தால் என்ன, அழிக்காவிட்டால் என்ன, அவள் உள்ளே வந்து பையை வைத்த பிறகு ஒரு நாள் மெதுவாக இறக்கிக்கொள்ளலாம் என்று உள்ளே ஒருத்தன் கணக்குப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்திருக்கிறான். அவனை இருதயராஜ் வெறுத்தான். வெறுத்தபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

பரணில் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. சாக்ஸில் இன்னும் மஞ்சள் வாத்துப் படம் மங்காமல் இருந்தது. சி.டி.யை டிரைவில் வைத்தபோது அது இழுத்துக்கொண்டு கரகரவென்று சுற்றியது, வயசான மனுஷன் தொண்டையைச் சரிசெய்வதுபோல. அசலைத் தேடி எடுத்து ஸ்கேன் போட்டான். டொக். அதே சிவப்பு, அதே வாசகம், அதே பேர். அளவைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்கிற சின்னக் கருவி ஒன்று கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, அதையும் போட்டுப் பார்த்தான். வித்தியாசம் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவசரப்படாமல் முதலிலிருந்து இன்னொரு தரம் செய்தான். வித்தியாசம் இல்லை. ரெனியின் படங்களையும் வீடியோவையும் ஃபோனுக்கு ஏற்றி முடிக்கிறவரை காத்திருந்தான், ஏனென்றால் கீறல் என்று தெரிந்த பிறகும் குழாயில் தண்ணீர் விட்டுத்தான் சோதிப்பார்கள், நீராவி விட்டு இல்லை. அப்புறம் அனுமதி என்பதன்மேல் அம்பை வைத்து அழுத்தினான். வாழ்க்கையில் அந்தப் பொத்தானை விழித்திருந்து அழுத்தியது இதுதான் முதல் தடவை. ஒரு பட்டை பச்சையாக நகர ஆரம்பித்தது. அழிந்துகொண்டிருக்கிற ஃபைல்களின் பேர் கீழே ஓடியது, மதில், கிழக்கு வாசல், லாயம், குதிரைக் குளம்படி, கிடங்கு, மணியோசை. மரவெட்டி நடை என்று ஒன்று வந்தது, மரவெட்டி சிரிப்பு என்று இன்னொன்று. அவன் சிரித்து இவன் பார்த்ததே இல்லை, இத்தனை வருஷத்தில். எங்கே எப்போது சிரிப்பானோ. துக்கமாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. பட்டை முழுசாயிற்று. பட்டியலைத் திறந்து பார்த்தான், பேர் இல்லை.

சி.டி. கையில் இருந்தது. இப்போது உடைத்துவிட்டால் போதும், முன்னே சொன்ன பொய் நிஜமாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை, சாக்ஸைத் துவைத்து மடித்து வைத்துவிடலாம். இரண்டு கட்டைவிரலையும் விளிம்பில் கொடுத்து வளைத்தான். வில்லாக வளைந்தது. எல்லாம் சுத்தமாக முடிந்துவிடும், ஜெசி வருவாள், பார்ப்பாள், இருப்பாள். இவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் இருப்பாள். அது இவன் தனக்குத்தானே போடுகிற பாஸ். சாய்த்தே பார்க்காமல் போடுகிற பாஸ். விரலைத் தளர்த்தினான், சி.டி. நேராயிற்று. சாயங்காலமாகிவிட்டது. தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம், ரெனியின் குரல், ஜெசி சில்லறை கேட்கிற குரல். இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். சி.டி.யைச் சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்க் குடத்துக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தான். சாக்ஸையும் பக்கத்தில் வைத்தான். போய்க் கதவைத் திறந்தான்.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். இளைத்திருந்தாள். அவள் பின்னால் ரெனி முதுகில் பையோடு, அப்பாவைப் பார்ப்பதா வேண்டாமா என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. ஜெசி நேராகக் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தாள். பிறகு மேஜை. அங்கே கண் நின்றுவிட்டது.

"உடைச்சிட்டேன்னு சொன்னது பொய் ஜெசி. பரண்ல மிக்ஸிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன்."

சிவப்புப் பெட்டி வந்ததையும், அசலை எடுத்து ஒத்துப் பார்த்ததையும், அழித்ததையும் அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். அழித்தாயிற்று என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்கே அது பழைய சொல்லாகக் கேட்டது. நீங்கள் இதையேதான் போன தடவையும் சொன்னீர்கள், நான் எதை வைத்து நம்புவது என்று ஜெசி கேட்டாள்.

"நம்பாத. நீயே பாரு. நாளைக்கும் பாரு. எப்ப சந்தேகம் வந்தாலும் திரும்பப் பாரு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

செருப்போடே உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பேராகத் திரையில் விரல் வைத்து, வாய்க்குள் படித்துக்கொண்டே கடைசிவரை போனாள். போய், திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு எழுந்து மேஜைக்கு வந்து சாக்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சி.டி.யை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டிச் சாய்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"நிறைய கீறல் இருக்கே. இது இன்னும் ஓடுமா?"

ஓடாது என்று சொல்வதற்கு வாய் பழக்கத்தில் திறந்தேவிட்டது.

"ஓடும்," என்றான்.

ஜெசி அவனை நிமிர்ந்து பார்த்தாள். மீன் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து வரச் சொன்னாள். அவன் அடுப்படிக்குப் போய், ஆணியில் தொங்கியதை எடுத்தான். செதில் ஒன்று காய்ந்து அதன் பிடியில் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது, அவனிடம் இல்லை.

"ரெனி, எவ்வளவு நேரம் பையை முதுகுல வச்சிட்டு நிப்ப. உள்ள கொண்டுபோயி வை."

இருதயராஜ் கத்திரிக்கோலைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். கண் தெளிகிறவரை நின்றுவிட்டு, பிறகு கூடத்துக்குப் போனான்.